அம்மா உடைக்காத புதிர்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தன் கவிதைகளைத் தூக்கிக்கொண்டு ரஹாங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். படித்தேன். சகிக்கவில்லை. 'பிரமாதம்' என்றேன். வேறென்ன சொல்வது? மனுஷர் பூரித்துப் போய்க் கிளம்பினார்.

அம்மா முகம் சுண்டிப் போயிற்று. "பொய் சொல்லியா அனுப்புன?"

"அவர் மனசு நோகக்கூடாதேன்னுதாம்மா..."

"நானும் அப்படித்தான்டி நெனச்சேன்" என்றார். இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லாத கதை அப்போதுதான் வெளியே வந்தது.

அப்பா கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. செஸ் புதிர் கட்டுவது அவருக்குப் பைத்தியம். பலகையில் நாலைந்து காய்கள் - வெள்ளை ஜெயிக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும். இன்னொரு வழி தட்டுப்பட்டால் புதிர் செத்தது. அந்த இன்னொரு வழியைத் தேடிப் பிடிப்பது அம்மாவின் வேலை.

"உடைஞ்சிருச்சுங்க" என்பாராம் அம்மா. அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மறுநாள் காயை மாற்றி வைத்துக்கொண்டு மறுபடி வந்து உட்காருவார். அவர்கள் கொஞ்சிக்கொண்டதே அப்படித்தான் போலிருக்கிறது.

ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அப்பாவும் மாட்டிக்கொண்டார். நான் அப்போது கைக்குழந்தை. கிளம்புகிற அன்று காலையிலும் ஒரு புதிரை அம்மா முன்னால் வைத்து, "இத உடை பாப்போம்" என்றாராம்.

அப்பா வைத்திருந்த வழி சிப்பாயை நகர்த்துவது. அதைத் தொடாமல் ராஜாவை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்தாலும் வெள்ளைதான் ஜெயிக்கும். அம்மாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"உடைக்க முடியலைங்க" என்றார். போகிற மனுஷன் சந்தோஷமாகப் போகட்டுமே... அப்பா சிரித்த முகமாக லாரி ஏறினார்.

சண்டை முடிந்தது. அதே தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி வீராசாமி மட்டும் திரும்பி வந்தார். அப்பா அங்கே காய்ச்சலில் போய்விட்டார். அழுது ஓய்ந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டாராம். "அந்தப் புதிர நெனச்சாவது சந்தோஷமா இருந்தாரா?"

வீராசாமி தயங்கியிருக்கிறார். "அதுல ஓட்டை இருக்குன்னு ஐயாவே கண்டுபிடிச்சிட்டாரு கிராணியம்மா. மண்ணுல கோடு போட்டுப் பாத்தாரு. 'இது அவ கண்ணுக்குத் தப்பாதே வீராசாமி. தெரிஞ்சும் சொல்லல. நான் திரும்ப மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டா'ன்னாரு. அப்புறம் மண்ணுல கோடே போடல."

நல்ல மனசோடு சொல்கிற பொய் எடுபடும் என்று நாமாக நம்பிக்கொள்கிறோம். நம்மை நன்றாகத் தெரிந்தவர்களிடம் அது செல்லுமா?

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உடைச்சிருக்கணும்டி. அதச் சரி பண்ணிக் காட்டவாச்சும் திரும்பி வந்திருப்பாரு."