மூன்றாம் மாடி டைகருக்கு நான் கொடுத்த பரிசு

“…என் பேரெல்லாம் வேண்டாம்மா. வேணும்னா இவன் பேரை எழுதிக்கோங்கோ. எங்காத்துல மனுஷான்னு சொல்லிக்கறதுக்கு இப்போ இவன் ஒருத்தன்தான் இருக்கான்.”

போன வருஷம் டிசம்பர் மாதம், மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் வாசலில் நின்று மூன்றாம் மாடிக்காரர் இப்படிச் சொன்னார். ‘இவன்’ என்று அவர் காட்டியது காலடியில் படுத்திருந்த ஒரு கிழட்டு நாயை. பெயர் டைகர். பெயரில் மட்டும்தான் புலி. லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தத்துக்கே நடுங்கும்.

அவரிடம் பெயர் கேட்டு நின்றவர் இரண்டாம் மாடி டீச்சரம்மா. கிறிஸ்துமஸ் வந்தால் குடியிருப்பு முழுவதையும் சேர்த்து ‘கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு’ விளையாட்டு நடத்துவது அவர்தான். எல்லார் பெயரையும் எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். நாம் எடுக்கிற சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் நமக்குப் பிள்ளை, நாம் அவருக்கு ரகசிய அம்மா. கிறிஸ்துமஸ் வரை நாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல், பாட்டுப் பாடு, கோலம் போடு என்று ஏதாவது வேலை எழுதிக் கதவிடுக்கில் தள்ளிவிட வேண்டும். கடைசி நாளில் பரிசோடு போய் ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டும்.

“அதுக்கென்ன சார், டைகரும் நம்ம பில்டிங் ஆள்தானே!” என்று சிரித்தபடி எழுதிக்கொண்ட டீச்சரம்மா, பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற என் பெயரையும் கேட்டார். ஆசையாகக் கொடுத்தேன்.

ஆசைக்குக் காரணம் உண்டு. தி.நகரில் எங்களுக்கு ஒரு சின்ன ரெடிமேட் கடை இருந்தது. அங்கே இருந்தவரை எனக்கு வாய் ஓயாது. உள்பாவாடை வாங்க வருகிறவள் மாமியார் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் போவாள். “அக்கா, ஒங்க கடையில துணி கொஞ்சம், பேச்சு நெறைய” என்று ஒருத்தி சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். வீட்டுக்காரர் காலமான பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு, சிங்கப்பூரில் இருக்கிற மகன் எனக்கு இந்த முதல் மாடி வீட்டை வாங்கிக் கொடுத்தான். “கோயில் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம், எல்லாம் பக்கம்தாம்மா” என்றான். எல்லாம் பக்கம்தான். ஆள்தான் பக்கத்தில் இல்லை. லிஃப்டுக்குள் ஒரு பெண் குரல் கதவு மூடப்போகிறது என்று இங்கிலீஷில் சொல்லும். சில நாள் நான் அதற்கு “சரிம்மா” என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

இந்த விளையாட்டில் ஒரே ஒரு ஆளாவது எனக்கென்று கிடைப்பார், பரிசு கொடுக்கிற சாக்கில் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம், அப்படியே பழக்கமாகிவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். சீட்டைப் பிரித்தால், டைகர்.

“மாத்தித் தர முடியாதுங்க, வந்தது வந்ததுதான்” என்றார் டீச்சரம்மா. சிரித்துக்கொண்டேதான் படியேறினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சீட்டைக் கசக்கி மேஜைமேல் போட்டேன். இத்தனை பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய்த்தது வாயில்லாத ஜீவன்.

நாய்க்கு என்ன வேலை எழுதிக் கொடுப்பது? யோசித்துப் பார்த்துவிட்டு, ‘டைகர் இன்று சாயங்காலம் கீழே வந்து வேப்ப மரத்தைச் சுற்றி வர வேண்டும்’ என்று எழுதி மூன்றாம் மாடிக் கதவுக்கடியில் தள்ளினேன். சாயங்காலம் பால்கனியிலிருந்து பார்க்கிறேன், மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிராகாரம் சுற்றுகிற மாதிரி அவ்வளவு பொறுப்பாக மரத்தைச் சுற்றினார். பிறகு ஒவ்வொரு பால்கனியாக அண்ணாந்து பார்த்தார். நான் காயப்போட்ட புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த சீட்டு, ‘டைகர் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.’ நாயின் முன்னங்காலை இவரே தூக்கிப் பிடித்து வணக்கம் வைத்தாராம். “சார் சிரிச்சாரும்மா!” என்று வாட்ச்மேன் என்னிடம் அதிசயமாகச் சொன்னார். “வூட்டம்மா தவறினதுலேர்ந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை கெடையாது. இன்னிக்குத்தான் அவரு பல்லையே பாத்தேன்.”

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அடுத்த சீட்டில் என்ன எழுதலாம் என்ற யோசனையாகவே இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு நடக்க ஒரு வீடு இருந்தது. ஆனாலும் அவர் கீழே நடக்க, நான் புடவைக்குப் பின்னால் நிற்க, பேச்சு மட்டும் இல்லை.

பரிசு வாங்கப் பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். நாய்க்கு மீனை விட என்ன பெரிய பரிசு இருக்கப்போகிறது? வீட்டுக்காரர் போன பிறகு நானே மீன் வாங்கவில்லை. ஒருத்திக்காக யார் அடுப்போடு மல்லுக்கட்டுவது? வஞ்சிரத்தில் இரண்டே துண்டு கேட்டதும் மீன்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாம்மா, ரெண்டு துண்டு யாருக்குப் பத்தும்?”

“எனக்கில்ல, நாய்க்கு. கிறிஸ்துமஸ் பரிசு.”

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டார். “ஏய், இத்தக் கேளுடி. நாய்க்கு கிறிஸ்மஸ் வருதாம்! நம்ம வூட்ல கீற ஒண்ணுக்கும் ஒரு பண்டிகையும் வரமாட்டேங்குது!” சிரித்து முடித்து, நறுக்கிக் கொடுக்கும்போது தணிந்த குரலில், “உப்பு, காரம் போடாத. அவிச்சு முள்ளு எட்த்துட்டு வையி. வாலாட்டிக்கினு உன் பின்னாடியே வந்துரும். அப்பால நீ தனியா இருக்கத் தேவையில்ல” என்றார். நான் தனி ஆள் என்று அவரிடம் சொல்லவேயில்லை. இரண்டு துண்டு கேட்டதே சொல்லிவிட்டது போலிருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கீழே ஹாலில் கேக் வெட்டி, பரிசு கொடுத்து, ஒரே கும்மாளம். மூன்றாம் மாடிக்காரர் வரவில்லை. எனக்குக் கிறிஸ்மாவாக வாய்த்த பெண் ஊருக்குப் போயிருந்தாள். அவள் பெயரில் கூரியரில் ஒரு தண்ணீர் பாட்டில் வந்திருந்தது. நல்ல பாட்டில்தான். “அவர் கூட்டம்னா வரமாட்டார். நீங்களே மேல போய்க் கொடுத்துடுங்க” என்றார் டீச்சரம்மா. எனக்குக் கால் பரபரத்தது. இதற்குத்தானே காத்திருந்தேன்.

மூடி போட்ட பாத்திரத்தோடு போய் மணியை அடித்தேன்.

“டைகரோட கிறிஸ்மா நான்தான் சார்.”

“அடடே, எங்களை மரத்தைச் சுத்த வெச்சது நீங்கதானா?” முகம் மலர்ந்தது. நான் பெருமையாக மூடியைத் திறந்தேன். மனிதர் ஓரடி பின்னால் போனார். மேல்துண்டு மூக்குக்கு ஏறியது.

“என்னம்மா இது?”

“மீன் சார்… டைகருக்கு.”

அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால் சுவாமி அலமாரியும், எரிகிற விளக்கும் என் கண்ணில் பட்டன. லிஃப்ட் வாசலில் அவர் பேசிய பேச்சைக் கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டும், மீன் படியேறாத வீடு என்று. நாய் என்றதும் மீன் என்று போய்விட்டது என் புத்தி. அந்த வீட்டு நாயும் அந்த வீட்டுச் சாப்பாட்டைத்தானே சாப்பிடும்!

“குட்டியா வந்ததுலேர்ந்து இவனுக்குத் தயிர் சாதம்தான்மா. அவ அப்படித்தான் வளர்த்தா” என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இருந்த ஒரே வாசலையும் நானே அடைத்துக்கொண்டேன் என்று நினைத்து, மூடியைப் போட்டுத் திரும்பிப் போகப் பார்த்தேன். விட்டால்தானே? எழுந்திருக்கவே சோம்பல்படுகிற டைகர் ஒரே பாய்ச்சலில் வந்து பாத்திரத்தைத் தட்டிவிட்டது. தரையில் விழுந்ததை விழுங்கிவிட்டு, மூஞ்சியைப் பாத்திரத்துக்குள் விட்டபடி அதை டங்கு டங்கென்று உருட்டிக்கொண்டு கூடத்தைத் தாண்டியது.

“டேய்! டேய்! சமையலுள்ளுக்குக் கொண்டு போகாதேடா, படவா!” என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மறித்தவர், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“அவ மட்டும் இருந்திருந்தா என்னையும் இவனையும் சேர்த்து ஆத்தை விட்டே விரட்டியிருப்பா.”

“மன்னிச்சுக்குங்க சார், யோசிக்காமச் செஞ்சுட்டேன்.”

“நீங்க ஏன் மன்னிப்பு கேக்கணும்? இத்தனை வருஷம் கூடவே வெச்சுண்டு, இவனுக்கு என்ன பிடிக்கும்னு நாங்க கேட்டதே இல்லை பாருங்கோ.” பிறகு என்னைப் பார்த்து, “உங்காத்துல யார் யார் இருக்கா?” என்றார்.

“நான் மட்டும்தான் சார்.”

இதே பதிலை கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம் சொல்லியிருக்கிறேன், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்றைக்கும் என் வீட்டில் நான் ஒருத்திதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் ஒருவர் நம் எதிரில் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்தது அந்த வாசலில்தான்.

அவர் உள்ளே போய், கூடத்தில் இருந்த இரண்டு பிரம்பு நாற்காலிகளில் ஒன்றின் மேல் குவிந்துகிடந்த பழைய பேப்பர்களை அள்ளித் தரையில் வைத்தார். துண்டால் அதைத் தட்டித் துடைத்தார். துடைத்துவிட்டு, வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.