எட்டாம் நாள் இல்லாத ஊர்

மாட்ஸா ஒடியும்போது ஹென்யாவின் இடது கை தானாகவே போய் அதன் அடியில் குழிந்து நிற்கிறது. வட்டமாய், விளிம்பு கருகி, ஓடு போல விறைத்த அந்தப் புளிக்காத ரொட்டியை அவள் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே உடைப்பாள். தலையைப் பைக்குள் விடாத குறையாகக் குனிந்து கடிப்பாள். அப்படியும் ஒரு துணுக்கு தப்பிவிடும். அதைப் பிடிக்கத்தான் அந்தக் கை. ஈரமான எதன்மேலும் அது விழக் கூடாது. சூப் கிண்ணம் தீட்டுப்பட்டது போல மேசையின் மறுகோடியில் தள்ளி உட்கார்ந்திருக்கும்.

யூதர்களின் பஸ்கா பண்டிகை ஏழு நாளும் வீட்டில் புளித்த மாவு இருக்கக் கூடாது என்பது வேதம். சுட்டெடுத்த மாட்ஸாவுக்குள் வேகாத மாவு எங்காவது ஒளிந்திருந்து, தண்ணீர் பட்டதும் புளித்துவிட்டால் என்ன செய்வது என்பது ஹென்யாவின் முன்னோர் பட்ட பயம். பயம் வழக்கமாயிற்று, அவர்கள் வீட்டில் மாட்ஸாவை நனைப்பதில்லை. பினே பிராக் நகரத்தில் அவள் குடியிருக்கும் அதே கட்டடத்தில், கீழ்வீட்டுக்காரர்கள் மாட்ஸாவை இடித்து உருண்டை பிடித்துச் சூப்பில் மிதக்கவிட்டுச் சாப்பிடுகிறார்கள். பக்தியில் இவர்களுக்கு அவர்கள் ஓர் இம்மியும் குறைந்தவர்களல்ல. இரண்டாம் மாடியில் பாவமாக இருப்பது முதல் மாடியில் பண்டிகைச் சாப்பாடு. நடுவே இருப்பது ஒரு சிமென்ட் தளம்.

ஹென்யா விதவை. அறுபதை நெருங்குகிறாள். மணமான பெண்கள் சொந்த முடியை மறைக்கத் தலையில் வைத்துக்கொள்ளும் விக்குகளைக் கழுவி, சுருட்டி, சீவிக் கொடுப்பது தொழில். பஸ்கா வருகிறதென்றால் ஊரிலுள்ள அத்தனை கூந்தலும் அவள் வீட்டுக்கு வந்துவிடும். முன்னறை முழுக்க முகமில்லாத தலைகள்.

"முன்பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கி விடு ஹென்யா, மாமியார் வீட்டு விருந்து" என்பாள் ஒருத்தி.

"இதைத் தூக்கிவிட்டா உன் மாமியார் இறங்கி வந்துடுவாளா?" என்பாள் ஹென்யா, வாயில் கவ்விய ஊசிகளை எடுக்காமலே.

விக்குகள் போன பிறகு வீடு மிச்சமிருக்கும். குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் மடிப்பைப் பல்குத்தியால் கிண்டுவாள். சோபா மெத்தைகளை உரித்து உதறுவாள். அப்பாவின் கோட்டுப் பைகளை வெளியே இழுத்துப் போட்டுத் தையல் ஓரம் வரை பிரஷ்ஷால் தேய்ப்பாள். அடுப்பைத் தேய்க்கிறபோது மட்டும் வாய் திறக்கும். "எகிப்துல நம்ம பாட்டன்மாருக்கு விடுதலை கிடைச்சுது. அதைக் கொண்டாட நான் அடுப்பைச் சுரண்டறேன். யாருக்கு வந்த விடுதலையோ!" விடுதலையைப் பாடிக் கொண்டாடும் இரவில் ஆண்கள் ராஜாக்களைப் போலத் தலையணையில் சாய்ந்து உட்காருவார்கள். அடுப்பைச் சுரண்டியவள் சமையலறை வாசலில் நின்றபடியே கண் அயர்ந்திருப்பாள். இத்தனை நூற்றாண்டுகளில் ஒருவருக்காவது அது கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

அப்பா நாஃப்தலி ஒரு காலத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்தில் வைரம் பட்டை தீட்டியவர். இப்போது நினைவு போய்விட்டது. மகளை மட்டும் எப்படியோ அடையாளம் தெரியும். அவருக்குத் தொண்டையில் இறங்குவது ஒரே சாப்பாடுதான்: கோழி சூப்பில் ஊறிய ரொட்டி. உருளைக்கிழங்கு மசியலைக் கொடுத்தால் நாக்கால் வெளியே தள்ளுவார். முட்டையைக் கண்டால் உதடு பூட்டிக்கொள்ளும். வெறும் சூப்புக்குப் புரையேறும். போன பஸ்காவில் கிழங்காவது இறங்கியது. இந்தப் பஸ்காவில் அதுவும் இல்லை. காலையில் மேசைக்கு வந்ததும் "ரொட்டி எங்கேம்மாடி?" என்பார். "பஸ்காப்பா" என்பாள். தலையாட்டிக்கொள்வார். கால் மணி கழித்து மறுபடியும், "ரொட்டி எங்கேம்மாடி?"

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் நாலாம் நாள் காலை அவருடைய புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது. "உள்ளே ஏதாவது போகணும். இல்லேன்னா நாளைக்கு ஆஸ்பத்திரிதான். இந்த வயசுல அங்க போனா திரும்பி வர்றது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி லீபிஷ் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். வேதபாடசாலை ஆசிரியன், நல்லவன். தினமும் வந்து அப்பாவின் கையை முத்தமிடுவான். அந்த வாய்க்கு ஒரு கரண்டி ஊட்டியறியான். மாட்ஸாவை நனைத்துக் கொடுக்கலாமா என்று அக்கா முதல் நாளே கேட்டதற்கு, "ரபிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான். மதகுரு சொன்னால்தான் வழக்கத்தைத் தளர்த்தலாம். நாலாம் நாள் மத்தியானமும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"பண்டிகைக் கூட்டம்க்கா. உள்ளே நுழையவே முடியல."

"நான் போய்க் கேக்கறேன்."

"நீ எப்படிப் போவே? அங்க முழுக்க ஆம்பளைங்க."

"பட்டினி கிடக்கறதும் ஆம்பளைதான்டா. அவரைக் கூட்டிட்டுப் போய் வரிசைல நிறுத்தட்டுமா?"

லீபிஷ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். "அக்கா, அப்பாவுக்கு நினைவு தெளிவா இருந்தப்போ ஒரு சொட்டுத் தண்ணி பட்ட மாட்ஸாவை அவர் தொட்டதில்ல. இப்ப ஒண்ணும் தெரியாத நேரத்துல நாம அவர் வாயில திணிக்கலாமா? அது அவருக்குச் செய்யற துரோகம் இல்லையா?"

மனப்பூர்வமாகத்தான் சொன்னான். மனப்பூர்வமாகச் சொல்லப்பட்ட வார்த்தைகளால்தான் இந்த உலகத்தில் பாதிப்பேர் பட்டினி கிடக்கிறார்கள்.

"தெளிவா இருந்தப்போ அவர் நாலு நாள் சாப்பிடாம கிடந்ததும் இல்ல" என்றாள் ஹென்யா.

"நனைச்சுட்டா கடைசி நாள் விருந்துக்கு நாங்க இங்க வர முடியாது. உன் சட்டி பானையெல்லாம் கெட்டுப் போயிடும். பசங்க உன் வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்."

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. லீபிஷின் பிள்ளைகள் வருகிற அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாள்களை எல்லாம் சுரண்டிக் கழுவுகிறாள். அது அவனுக்கும் தெரியும். ஹென்யா அலமாரியிலிருந்து மாட்ஸாப் பையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மறுகோடியிலிருந்த சூப் கிண்ணத்தை இழுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"எட்டாம் நாளாம்மாடி?"

இந்த நாட்டுக்கு வெளியே, ஆண்ட்வெர்ப் போன்ற ஊர்களில், பஸ்கா எட்டு நாள். எட்டாம் நாள் வேதத்தில் இல்லாதது, பிற்பாடு சேர்த்துக்கொண்டது. அதனால் அன்று மட்டும் இவர்களைப் போன்ற வீடுகளிலும் மாட்ஸாவை நனைக்கலாம். ஆண்ட்வெர்ப்பில் எட்டாம் நாள் விடிந்ததும் அப்பா பெரிய கிண்ணம் நிறைய சூப்பில் மாட்ஸாவை நொறுக்கிப் போட்டு, தன் கையாலேயே பிள்ளைகளுக்கு ஊட்டுவார். லீபிஷ்தான் முதல் ஆளாக வாயைத் திறந்துகொண்டு நிற்பான். பிறகு குடும்பம் இங்கே வந்தது. இந்த ஊரில் எட்டாம் நாள் கிடையாது.

"இல்லப்பா" என்றான் லீபிஷ் மெதுவாக. "இன்னிக்கு நாலாம்..."

"ஆமாப்பா" என்றாள் ஹென்யா. "எட்டாம் நாள்தான்."

அப்பாவின் அருகே உட்கார்ந்து மாட்ஸாவைப் பையிலிருந்து முழுசாக வெளியே எடுத்தாள். கிண்ணத்துக்கு நேர் மேலே பிடித்து ஒற்றைக் கையால் நொறுக்கினாள். துணுக்குகள் சூப்பில் விழுந்தன, மேசை விரிப்பில் விழுந்தன, தரையில் விழுந்தன. இடது கை மடியிலேயே கிடந்தது.

அப்பா வாயைத் திறந்தார். ஒரு கரண்டி இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. மூன்றாவதற்கு அவர் காத்திருக்கவில்லை. கிண்ணத்துக்குள் விரலை விட்டு, ஊறிய துண்டு ஒன்றை எடுத்தார். தன் வாய்க்குக் கொண்டுபோகாமல், கையை மேசைக்குக் குறுக்கே நீட்டினார்.

"வாயத் திற, லீபிஷ்."

லீபிஷ் எழுந்து நின்றான், கையில் தொப்பியோடு. வெளியே போகவும் இல்லை, குனியவும் இல்லை. துண்டு இளகித் தொங்கியது. சூப் அப்பாவின் மணிக்கட்டில் வழிந்தது.

ஹென்யாவின் இடது கை மடியை விட்டு எழுந்தது. அப்பாவின் கையை அது தடுக்கவில்லை. சொட்டும் சூப்புக்குக் கீழே போய், குழிந்து நின்றது.