விடுபட்ட புரதம்

பினாங்கில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் உதவியாளர் அக்காவுக்கு வாய் ஓயாது. ஊட்டக் கரைசல் கலக்கும்போது ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி, “போட்டாச்சு!” என்று உரக்க அறிவித்த பிறகுதான் தாளில் டிக் அடிப்பார். பாயான் பாருவிலுள்ள மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் சிப் சோதித்தவருக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அவர் கலக்கும் கரைசலில்தான் எலிக் குடலின் ஸ்டெம் செல்கள் வளர்ந்தன.

குடலின் உள்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. அது அடியிலிருக்கும் ஸ்டெம் செல்களின் வேலை. பக்கத்துச் செல்கள் ஒரு புரதத்தை அனுப்பிச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும்வரை அவற்றுக்குரிய மரபணுக்கள் விழித்திருக்கும், செல்கள் பெருகும். சேதி நின்றால் மரபணுக்கள் அடங்கி, அவை பெருகாத சாதாரணச் செல்களாக முதிர்ந்துவிடும். கண்ணாடித் தட்டில் ஏது பக்கத்து வீடு? அந்தப் புரதத்தை அக்காதான் சேர்க்க வேண்டும்.

நான் சோதித்த மருந்து அந்த மரபணுக்களை அடக்குவதாக முடிவு வந்தது. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரையை அனுப்பவிருந்த காலையில் அக்கா என் மேசை முன் வந்து நின்றார்.

“அனுப்பாதீங்க டாக்டர். புரதம் ஒரு குப்பி மிச்சம் இருக்கு. மருந்து தட்டுக்குக் கலந்ததுல நான் அத சேர்க்கவே இல்ல லா. டிக் மட்டும் அடிச்சிட்டேன்.”

அவருடைய ஒப்பந்தம் அந்த மாதம் முடியவிருந்தது. அந்தக் குப்பியைக் குப்பையில் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. புரதம் சேர்த்து மறுபடி செய்து பார்த்தேன். செல்கள் செழித்துப் பெருகின. மருந்துக்கு எந்தச் சக்தியும் இல்லை. எனக்கு அழுகை வந்தது.

ஒப்பந்த நீட்டிப்புக்கான நேர்காணலில் நானும் இருந்தேன்; புரதம் விடுபட்டதற்கு இயக்குநர் காரணம் கேட்டார். “என் தப்புதான் சார்” என்றார் அக்கா. அவ்வளவுதான். அவர் சொல்லாமல் விட்டதை நான் அறிவேன். அந்தக் கரைசலை அவர் கலந்த நாளில் நான் இணையவழிக் கூட்டத்தில் இருந்தேன். “அக்கா, கொஞ்சம் சத்தமில்லாம செய்யுங்க” என்று அதட்டியதே நான்தான். இயக்குநர் முன் அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணம் வராமலும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, உண்மையைச் சொன்னேன்.

ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். இன்று எனக்கென்று தனி ஆய்வுக்கூடம் இருக்கிறது. அக்காவைப் போல் நேர்மையான ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும் அவர் என்னைக் கடிந்துகொண்டார்.

“அத ஏன் டாக்டர் சொன்னீங்க? நீங்க சத்தம் வேணாம்னுதான் சொன்னீங்க. டிக் அடிச்சது என் கை லா.”