எட்டாம் தளத்தில் கிடந்தவர்

தையல் பட்டறையில் அவளுக்குக் கத்தரி அக்கா என்று பெயர். ஐம்பது துணிகளை அடுக்கி ஒரே மூச்சில் வெட்டுவாள். அளவு ஒரு நூல் பிசகாது. அப்படிப்பட்டவள் தப்பாக அளந்து நாலு பேரைச் சாகடித்தாள் என்று சொன்னால் பட்டறையில் யார் நம்பப் போகிறார்கள்?

எல்லாம் புருஷனுக்காக. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு மாதத்துக்கு முன் பார்வை முழுதாகப் போய்விட்டது. அன்றைக்குப் படுத்தவர்தான். சாப்பிட, குளிக்க எழுவார். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், பார்க்கக் கண் இருப்பதுபோல. சிரிப்பு அற்றுப்போனது. மனுஷன் இப்படியே கரைந்துபோவாரோ என்று அவள் பயந்தாள்.

ஒரு ஞாயிறு மதியம் அவரே வாயைத் திறந்தார்.

"நான் முன்ன விளையாடுவேனே, அந்தப் பழைய கம்ப்யூட்டர் கேம்ல என் ஆளு எட்டாம் தளத்துல செத்துக் கெடக்கான். யாராவது போய்த் தூக்கிட்டு வந்தாத்தான் உயிர் வரும்."

கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள்தான் அந்த விளையாட்டு. பூமிக்கடியில் தளம் தளமாக இறங்கும் சுரங்கம்; சுவர், கதவு, கீழே இறங்கும் படி. வரைபடமெல்லாம் தராது, நாமே கட்டம் போட்டு வரைந்துகொள்ள வேண்டும். செத்தவன் செத்த இடத்திலேயே கிடப்பான். ஈவிரக்கமில்லாத விளையாட்டு என்று அவளுக்கு முதல் நாளே ஆத்திரம் வந்தது.

ஆனாலும் விளையாட்டுக்குள் புதிதாக நாலு பேரை உருவாக்கிச் சேர்த்துக்கொண்டு இறங்கினாள். அவள் வாசித்துச் சொல்ல, அவர் படுத்தபடியே வழி சொல்ல, துணி வெட்டும் பழுப்புக் காகிதத்தில் அவள் வரைந்துகொண்டே போனாள். மூன்றாம் தளத்தில் அந்த வரைபடத்தை நம்பித் திரும்பியபோது நாலு பேரும் கூண்டோடு குழிக்குள் விழுந்து செத்தார்கள்.

"அந்த அறை எத்தனை கட்டம்?" என்றார்.

"திரையில அஞ்சு. பேப்பர்ல ஆறு."

"ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

"துணி வெட்டுற பழக்கத்துல, தையலுக்குன்னு ஓரத்துல ஒரு கட்டம் விட்டிருக்கேங்க."

கட்டில் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறித் திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தார். சுவருக்குச் சுவர் தையல் விட்டு வரைந்த தன் கைகளை அவள் கும்பிட்டாள்.

மறுபடி நாலு பேர். இந்தத் தடவை வாள்காரிக்குத் தன் பெயரையே வைத்தாள். ஞாயிறுகள் ஒன்றோடொன்று கலந்தன. பட்டறையில் கத்தரி போகும் பாதை திரைக் கோடுபோலப் பச்சையாகத் தெரிந்தது. வீட்டில் சில நேரம் அவளும் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் குரல் முன்னால் நடக்கும், ஈரச் சுவரைத் தடவியபடி இவள் பின்னால் போவாள். அவருக்குக் கண் தெரிவதுபோலவும் தனக்குத்தான் தெரியாததுபோலவும் இருக்கும். அந்த மயக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

எட்டாம் தளத்தின் கோடியில் அவருடைய ஆள் கிடந்தான். திரையில் வந்த வரியை அவள் மெதுவாக வாசித்தாள்.

"கூட்டத்துல நாலு பேருக்குத்தான் இடமாம். இவனைத் தூக்கணும்னா ஒருத்தரை இங்க விடணுமாம்."

"தெரியும்," என்றார். "நான் இங்கேயே கெடக்கேன். நீ மேல போ. கண்ணில்லாதவன எத்தனை நாளைக்குத் தூக்கிட்டுத் திரிவ?"

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. படக்கென்று ஒரு பட்டனைத் தட்டினாள்.

"யாரை விட்ட?"

"என்னைத்தான்."

"அடிப் பைத்தியக்காரி! அந்த இருட்டுல தனியா என்ன பண்ணுவ?"

"உக்காந்திருப்பேன். கூட்டிட்டுப் போக நீங்க வர்ற வரைக்கும்."

கட்டில் கிறீச்சிட்டது. கால்கள் தரையைத் தேடின. சுவரைப் பிடித்து, மேசையைப் பிடித்து, கடைசியில் அவள் தோளைப் பிடித்தார்.

"தள்ளி உக்காரு," என்றார். "எந்தப் பட்டன் எங்க இருக்குன்னு என் கையைப் பிடிச்சுக் காட்டு."