மீட்டர் கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

மூன்று வருடங்களுக்கு முந்தைய தை மாதம். ஒரு வயதுகூட நிறையாத எங்கள் மகனுக்கு முடி இறக்குவதற்காகத் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குக் காரில் கிளம்பினோம். என் கணவர், நான், பிள்ளை, மூன்றே பேர்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே மொட்டை போட வேண்டும்? அதனால் கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன் நேராகப் பழனிக்கு வந்து காத்திருப்பதாகப் பேச்சு.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆனால் என் வீட்டுக்காரர் அதற்குக் கொடுக்கும் மரியாதை எனக்குக்கூடக் கிடைத்ததில்லை. வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, எங்கோ ஒரு பட்டறையில் வேறொன்றை மாட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தெருமுனையில் கார் திரும்பினாலே எங்கள் அடுக்களையில் டம்ளர்கள் ஆடும். கேட்டால், "ஸ்போர்ட்ஸ் காரு சவுண்டும்மா" என்பார். பக்கத்து வீட்டில் யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை!

சைலன்சர் மாற்றிய கொஞ்ச நாளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டரில், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, "வேற சைலன்சர் போட்டா அந்த லைட்டு வரத்தாண்ணே செய்யும், கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாராம். இவரும் கண்டுகொள்ளவில்லை. இருந்தாலும் ஓட்டும்போது கண்ணை உறுத்துகிறது என்று, நான் நிலைக்கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துப் போய் அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். கல்யாணத்துக்கு வைக்கிற பெரிய பொட்டு அது. பொட்டு போச்சே என்று நான் சண்டை போட்டேனே தவிர, விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று காலை நல்ல பனி. பிள்ளைக்கு வேறு சளி. அதனால் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டேன். சாலை ஓரமெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம், காவடியும் பாட்டுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கார் ஊர்ந்துதான் போனது. நானும் பிள்ளையும் பின் சீட்டில். கிளம்பும்போது வீல் வீல் என்று கத்தியவன், ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் மடியில் அப்படியே தூங்கிவிட்டான். "பாத்தியா, நம்ம சைலன்சர்தான் இவனுக்குத் தாலாட்டு" என்று முன்னால் இருந்து பெருமை வேறு. நானும் சிரித்தேன்.

கொஞ்ச தூரத்தில் எனக்குத் தலை விண் விண் என்று தெறித்தது. வெறும் வயிற்றோடு கிளம்பியதால் இருக்கும் என்று நினைத்தேன். புகை வாடையும் லேசாக வந்தது. முன்னால் போகிற லாரிப் புகை என்று விட்டுவிட்டேன். அவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ஓட்டினார். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் குமட்டல் தாங்காமல், ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவள் அங்கேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

டீக்கடை பெஞ்சில் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஒரு பாயும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுச் சேலையும் அத்தர் வாசனையுமாக இருந்த அந்த அக்கா எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். "என்ன புள்ள, அடுத்ததா? மூத்தது இன்னும் கைப்புள்ளையா இருக்கே!" என்று கேலி செய்தபடியே பிள்ளையை வாங்கினார். வாங்கிய கையோடு அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்மா, இது தூக்கமில்லம்மா. கழுத்து இப்பிடித் தொவளுது பாரு!"

எனக்கு உயிரே போய்விட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், கன்னத்தைத் தட்டுகிறேன், கண்ணைத் திறக்கவில்லை. அந்த அக்கா ஓடிப்போய்க் காற்று வீசும் இடத்தில் நின்று, ஸ்வெட்டரைக் கழற்றி, உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தார். அவர் வாய் ஓயாமல் "யா அல்லா, யா அல்லா" என்றது. நான் "முருகா, முருகா" என்று கத்திக்கொண்டு நின்றேன். அதற்குள் பாய் எங்கள் காரின் பின்கதவைத் திறந்து தலையை விட்டவர், இருமிக்கொண்டே வெளியே வந்தார். "உள்ள பூராம் புகைய்யா. பேச்சே வேணாம், எல்லாரும் நம்ம வண்டில ஏறுங்க" என்றார்.

அவர் காரில், கண்ணாடியெல்லாம் இறங்கியிருக்க, பனிக்காற்று முகத்தில் அடிக்க, ஒட்டன்சத்திரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வாசலில் வண்டி நின்றபோது பிள்ளை லேசாக முனகினான். டாக்டர் உடனே ஆக்சிஜன் வைத்தார். எங்கள் இருவருக்கும் வைத்தார்கள். "இன்னும் செத்த நேரம் கண்ணாடிய ஏத்திக்கிட்டே போயிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார்.

பிள்ளை கண் விழித்துப் பாலுக்கு அழுதபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டர், பிள்ளையைச் சாயங்காலம் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அப்போது பாய் என் கணவரை அழைத்துக்கொண்டு டீக்கடைக்குத் திரும்பினார். அவர் பழைய கார்களை வாங்கி விற்பவராம். காரின் கோளாறுகளைப் போனில் காட்டும் சின்னக் கருவி ஒன்று எப்போதும் அவர் வண்டியில் இருக்குமாம். அதை எங்கள் காரில் செருகிவிட்டு மீட்டரைப் பார்த்தவர், "இதென்ன தம்பி, காருக்குப் பொட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டு உரித்தாராம். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டாராம்.

கருவி இரண்டு கோளாறுகளைக் காட்டியது. "ஒண்ணு உங்க மெக்கானிக் சொன்னதுதான், சைலன்சர் மாத்துனதால வாரது. இன்னொண்ணு வேற. புகைக்குழாய்ல ஒரு சென்சார் இருக்கும், அதுக்கு முன்னாடி எங்கயோ புகை ஒழுகுது. இருக்கறது ஒரே லைட்டு. மொதக் கோளாறுக்கே அது எரிஞ்சுக்கிட்டு இருந்தா, ரெண்டாவது வந்தது எப்பிடித் தெரியும்?" என்றாராம் பாய்.

பிறகு ஈரச் சாக்கால் புகைக்குழாயின் வாயை லேசாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து காது கொடுத்திருக்கிறார். பின் சீட்டுக்கு நேர் கீழே, புதிதாகப் பற்றவைத்த இணைப்பில் 'புஸ்ஸ்' என்று சத்தம். அதற்கு மேலே காரின் தரையில், அடைப்பு ரப்பர் விழுந்துபோன ஓட்டை ஒன்று. ஒழுகிய புகையெல்லாம் அதன் வழியாக என் மடிக்கு வந்திருக்கிறது. திரும்பி வந்து இதைச் சொல்லும்போது என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார். நான் திட்டுவதற்கு என்னென்னவோ வைத்திருந்தேன். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டதோடு சரி.

அந்தத் தம்பதி உடுமலையில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்வுக்குக் கிளம்பியவர்கள். எங்களால் அது போயே போய்விட்டது. நான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அந்த அக்கா, "நிக்காஹ் அவுக பண்ணிக்குவாக. பிரியாணி நமக்கு வச்சிருப்பாக. நீ புள்ளையப் பாரு" என்றார். சாயங்காலம் டாக்டர் சரி என்று அனுப்பியதும், எங்கள் காரை டீக்கடையிலேயே விட்டுவிட்டு, எங்களைப் பழனி அடிவாரம் வரை கொண்டுபோய் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உடுமலைக்குப் போனார்கள். அடுத்த வாரமே பழையபடி கம்பெனி சைலன்சர் மாட்டி, ஓட்டையையும் அடைத்தோம். விளக்கு அணைந்துவிட்டது.

குறித்த நேரமெல்லாம் தாண்டி, அன்று சாயங்காலம் அண்ணன் மடியில் பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள். தலையில் தண்ணீர் பட்டதுமே ஊரைக் கூட்டினான் பாருங்கள்! அண்ணன் கிலுகிலுப்பை ஆட்டி அடக்கப் பார்த்தான். "அழட்டும்ண்ணே, நல்லா அழட்டும்" என்று நான் சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இப்போது மகன் வீட்டையே இரண்டாக்கும் வாலு. பக்கத்து வீட்டில் இன்று குறை சொல்வதெல்லாம் அவன் சத்தத்தைத்தான். அவன் கத்திக் கூப்பாடு போடும் ஒவ்வொரு முறையும், என் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து அந்தச் சத்தத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்த கைகளை மனசுக்குள் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.