தீர்த்தத்தில் திரண்ட நூல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் ஆராய்ச்சி வாழ்க்கையே அந்தக் கோபத்தில் கிடைத்ததுதான் என்றால் சக விஞ்ஞானிகள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

அறுபதுகளின் தொடக்கம். மீனின் விந்திலிருந்து சுத்தமான டி.என்.ஏ. எடுத்துவரச் சொல்லிப் பேராசிரியர் என்னைச் சென்னையிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்கு அனுப்பினார். ஏற்கெனவே இரண்டு பருவம் வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் ஆராய்ச்சி மாணவர் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பரமக்குடியில் இருந்த என் அய்யா இதைக் கேள்விப்பட்டதும், தெரிந்தவர் அரிசிக் கடையில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலைக்குச் சொல்லியே வைத்துவிட்டார். பெற்ற அப்பனுக்கே அவ்வளவு நம்பிக்கை.

தீவிலுள்ள அக்காள்மடத்தில் ஒரு மீனவர் வீட்டில் தங்கினேன். வேதக்காரக் குடும்பம். வீட்டுக்கார அக்கா வாய் ஓயாமல் ஜெபம் சொல்பவர். அவர் கணவர் கிடைத்தபோதெல்லாம் குடிப்பவர். அதுவோ மதுவிலக்குக் காலம். போலீஸ் வந்தால் பாட்டிலை எங்கே ஒளிப்பது, எதில் கவிழ்ப்பது என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி.

என் வேலைக்கும் ஒரு பாட்டில் தேவைப்பட்டது. மடவை மீனின் விந்தைக் கெட்டி உப்புநீரில் கலக்கினால் கூழாகும். அந்த உப்பில், டி.என்.ஏ.வைப் பிடித்திருக்கும் புரதம் கழன்றுவிடும். குளிர்ந்த ஆல்கஹாலை மேலே ஊற்றினால் டி.என்.ஏ. மட்டும் வெள்ளை நூலாகத் திரளும். கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம். ஆல்கஹாலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்திருந்தேன். அதற்கான அனுமதிச் சீட்டைச் சென்னையிலேயே மறந்துவிட்டு வந்த புத்திசாலி நான்.

ஒரு காலை கரையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால் வீட்டுக்குள் போலீஸ் ஏட்டு நிற்கிறார். கையில் என் பாட்டில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவோ அசராமல், அது மாதா கோயிலில் மந்திரித்த தீர்த்தம் என்றார். ஏட்டு மோந்து பார்த்தார், பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், வைத்துவிட்டுப் போய்விட்டார். பாவம், ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அக்காவின் நெஞ்சழுத்தத்தை மெச்சிக்கொண்டே வேலையில் உட்கார்ந்தேன்.

மீன் கவிச்சியில் கிடந்து கிடந்து என் மூக்கும் செத்துப்போயிருந்தது. கூழைக் கலக்கி, பாட்டிலைச் சாய்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அப்போதும் ஒன்றுமில்லை. அரிசிக் கடை கண் முன்னால் வந்து நின்றது. சனியன் பிடித்த மீன், சனியன் பிடித்த படிப்பு என்று பாட்டில் முழுவதையும் கவிழ்த்தேன். பார்த்தால், வெள்ளை வெளேரென்று நூல் திரள்கிறது. குச்சியில் சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. நான் போட்ட கூச்சலில் அக்கா ஓடிவந்தார்.

"பலிச்சிருச்சா தம்பி? ஏட்டு வாராருன்னு தெரிஞ்சதும் உங்க சாராயத்தக் கடல்ல கொட்டிட்டேன். வீட்டுல இருந்த தீர்த்தத்த அதுல ஊத்தி வச்சேன். தீர்த்தம்னு சொன்னா தீர்த்தமாத்தான இருக்கணும். பொய் சொல்லலாமா?"

கடலில் கொட்டினாராம். அன்று மாலை அவர் கணவர் கரையில் உட்கார்ந்து பாடிய ஞானப்பாட்டைக் கேட்டவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள்.

சென்னையில் பேராசிரியர் அந்த நூலைச் சோதித்தார். டி.என்.ஏ. இருந்தது, ஆனால் நூல் முழுக்கப் புரதமும் இருந்தது. தண்ணீர் கலந்து உப்பு குறைந்ததும், கழன்ற புரதம் திரும்ப ஓடிவந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதை ஊற்றினாய் என்று கேட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டேன். சாமி பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பவர் அவர். அரிசிக் கடைக்குக் கட்டிக்கொண்டு போக நல்ல வேட்டி இருக்கிறதா என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

அவர் நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செல்லுக்குள்ள டி.என்.ஏ. தனியா இருக்கிறதில்ல. இப்படிப் புரதத்தோடதான் இருக்கும். எந்த ஜீன் பேசணும், எது வாயப் பொத்திக்கணும்னு இந்தப் புரதம்தான் சொல்லுதோ என்னவோ. இனிமே நீ அதைப் பாரு. முதல்ல, காய்ச்சி வடிச்ச தண்ணியிலயும் இந்த நூல் வருதான்னு ஒப்பிட்டுப் பாக்கணும். அந்த அம்மாகிட்டப் போய் இன்னொரு பாட்டில் தீர்த்தம் வாங்கிட்டு வா."

சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை ரயிலிலேயே ஏறிவிட்டேன்.