விடுமுறை இல்லை

அந்த மழைக்காலத்தில் நான் எழுதிய புரோகிராம் சென்னைப் பிள்ளைகளுக்கெல்லாம் விடுமுறை விட்டுக்கொண்டிருந்தது.

தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால், மாடியில் இரண்டே அறைகள் கொண்ட ஆபீஸ். ஒரு நாளிதழின் செய்திகளை அங்கே தமிழில் அடித்து, டெலிபோன் கம்பி வழியாகக் கிண்டி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதும் என் புரோகிராம், அங்கே வாங்கிப் பிரிப்பதும் என் புரோகிராம். கம்பியில் செய்திகள் தனித்தனியாக வராது. குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே ஒழுக்கு. எது எங்கே முடிகிறது என்று தெரிவதற்காக, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை ஓர் எண்ணாக அனுப்புவேன். அந்த எண்ணைப் படித்து, அவ்வளவை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு அடுத்த எண்ணைப் படிக்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

வெள்ளிக்கிழமைக்குள் செய்திகள் முழுதாகப் போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டார்கள். நாக்பூரிலிருந்து ஒரு வரன் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. “அங்கே வந்தா கம்ப்யூட்டரெல்லாம் எதுக்கு?” என்று பையனின் அம்மா சிரித்தாள். பையனும் சிரித்தான். எனக்கு இரண்டு சிரிப்பும் பிடிக்கவில்லை. வேலை நிரந்தரமானால் அவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். இல்லையென்றால் தை பிறந்ததும் நாக்பூர்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்து ஆபரேட்டர் போன் செய்தார்.

“இன்னா மேடம், ‘பள்ளிகளுக்கு இன்று விடுமுறை’ன்னு வந்துகீது. இங்க வெயிலு அடிக்குது. அப்பால மிசினு கம்முனு நிக்குது.”

நான் அனுப்பியது ‘பள்ளிகளுக்கு இன்று விடுமுறை இல்லை’. அந்த ‘இல்லை’யைத்தான் காணோம்.

ஒரு வாரமாக இதே கூத்து. செய்திகளுக்கு வால் இருக்காது, பிறகு எல்லாம் நின்றுவிடும். மழையில் ஊறிய கேபிளைத் திட்டினேன், மோடத்தைத் திட்டினேன், என்னைப் படிக்கவைத்தவர்களையும் திட்டினேன். அன்று பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தால் அப்பா லைனில் இருந்தார்.

“நிரந்தரம் ஆயிடுத்தா?”

“இன்னும் இல்லைப்பா. ஆனா எனக்கு இந்தக் கல்யாணத்துல கொஞ்சம்கூட—”

“கொஞ்சம்கூட ஆட்சேபணை இல்லை, அதானே? எனக்குத் தெரியாதா? சாயங்காலம் அவாளுக்கு பதில் சொல்லணும். அப்போ பேசறேன்.”

வைத்துவிட்டார். அப்பா யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. பாழாய்ப்போன தமிழிலோ வேண்டும், வேண்டாம் எல்லாம் கடைசியில்தான் வருகிறது.

வேறு வழி தெரியாமல் ஒற்றைச் சொற்களாக அனுப்பிப் பார்த்தேன். ‘படம்’ முழுதாகப் போனது. ‘பட்டம்’ போனது. ‘விடுமுறை’ அனுப்பினேன்.

“‘விடுமு’ன்னு கீது மேடம். இது இன்னா பாஷ?”

வி, டு, மு, றை. நான்கு எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி என் புரோகிராம் எண்ணியிருந்தது. எங்கள் ஃபான்ட்டுக்கு அந்த இலக்கணம் தெரியாது. அதில் ‘வ’ தனி, அதன் தலையில் வளைகிற கொக்கி தனி; ‘றை’யின் இணைக்கொம்பு தனி, ‘ற’ தனி. ‘டு’வும் ‘மு’வும் ஒவ்வொன்று. மொத்தம் ஆறு. நான்கு என்று சொல்லிவிட்டு ஆறை அனுப்பினால் அங்கே நான்கைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் அடுத்த செய்தியின் தலையில் போய் விழும். காலையிலும் அதுதான் நடந்திருக்கிறது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘இல்லை’ போய் உட்கார, எழுத்தையும் எண்ணாகவே பார்க்கும் மிஷின் அதையே ஒரு ராட்சத எண்ணாகப் படித்துவிட்டு, வராத செய்திக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்திருக்கிறது.

எண்ணுகிற வரியை மட்டும் மாற்றினேன். காலைச் செய்தியை மறுபடி அனுப்பினேன்.

“மேடம்! ‘இல்லை’ வந்துகீது!”

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். டிபன் கேரியரும் கையுமாக வாசலில் நின்றிருந்தார்.

“ஒரு தடவை வந்துட்டா ஆச்சா? ஒரு மாசம் ஓடட்டும், அப்புறம் பாக்கலாம்.”

படியிறங்கிப் போய்விட்டார். மேஜை மேல் போன் அடித்தது. யாரென்று தெரியும். நிரந்தரம் என்று சொல்ல முடியாது. மற்றதைச் சொல்ல ஆரம்பித்தால் அப்பா முடிக்க விடமாட்டார்.

“என்னம்மா, அவா காத்துண்டிருக்கா—”

“வேண்டாம்ப்பா” என்றேன்.



“என்ன வேண்டாம்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, பதிலுக்குக் காத்திருந்தார்.

“இந்தக் கல்யாணம்” என்றேன்.